பசுமை பாலையான கதை

(ஹாலிஎலயில் நிகழ்த்திய உரை)



இந்த ஹாலிஎலயில் நின்று எத்திசை நோக்கினும் தேயிலைப் பசுமையே தெரிகிறது. இப்பசுமை என்றும் நிலைக்கும் என எண்ணுவோமாயின், நாம் ஏமாந்தவராவோம்.

சகாரா இன்று மணற்காடு. ஆயினும் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்தொட்டு 5,000 ஆண்டுகளுக்கு முன்வரை அங்கே ஏரிகள் நிறைந்திருந்தன, நீர்யானைகள் வாழ்ந்தன. அல்ஜீரிய நாட்டுத் தசீலி மலைப் பாறைகளில், பழங்குடிகள் தீட்டிய மாட்டு மந்தைகளை இன்றும் காணலாம். அப்பசுமை அழிந்த காரணம் யாது?

பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தள்ளாடுகிறது; ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டுகள். அதனால் வடபாதியின் கோடை வெயில் மிகுந்திருந்த காலத்தில், சூடேறிய நிலம் கடற்காற்றை உள்ளே இழுத்தது; மழை பொழிந்தது. வெயில் தணியவே மழை பின்வாங்கியது. மழை குறையப் புல் மடிந்தது; புல் மடிய, நிலத்தின் ஈரம் வானுக்குத் திரும்பவில்லை; மழை மேலும் குறைந்தது. வறட்சியே வறட்சியை வளர்த்தது! இராசத்தானத்து லூங்கரன்சார் ஏரியும் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் வற்றியதே.

அயல்நாட்டுக் கதை நமக்கேன் என்பீர்கள். நமக்குத் தென்மேற்கே உள்ள ஹோர்ட்டன் சமவெளியின் சேற்றுப் படிவுகளில் புதைந்த மகரந்தத்தை ஆராய்ந்து, பிரேமதிலக்க, ரிஸ்பேர்க் என்னும் அறிஞர்கள் 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். சுமார் 24,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழிக் காலத்தில், தென்மேற்குப் பருவமழை நலிந்து அம்மலையே வறண்டிருந்ததாம்.

இன்றும் ஆடி ஆவணியில் அப்பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, வறண்ட காற்றாகவே ஊவாவை அடைகிறது. நம் தேயிலைக்குப் புகழ்மணம் தரும் அக்காற்றே, நம் மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சுகிறது. போதாக்குறைக்கு, மனிதன் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் புவியை விரைந்து சூடேற்றுகின்றன.

பூமியின் அச்சை நாம் நிறுத்த இயலாது. ஆனால் வறட்சி வறட்சியை வளர்க்கும் சங்கிலியை நம் சரிவுகளில் அறுக்க இயலும். குறுக்கே கான் வெட்டுவோம். வெற்று மண்ணை மானாப்புல்லால் மூடுவோம். ஊற்றுக்கண்களைச் சூழ்ந்த மரங்களைக் காப்போம்.

இதனைச் செய்ய வேண்டியவர் யார்? இம்மலைகளைத் தோட்டமாக்கியது நம் முன்னோரின் உழைப்பு. தோட்டங்கள் 1972லும் 1975லும் அரசுடைமையாயின. 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. இத்தனை கைமாறியும், உழைத்த கைக்குக் காணி உறுதி வந்ததா? பெரும்பாலோர்க்கு இன்னும் வரவில்லை. நாளை தனதாகுமா என்று அறியாத நிலத்தில், பேரனுக்கு நிழல் தரும் மரத்தை எவன் நடுவான்?

ஆகவே காணியுரிமை லயத்து மக்களின் தனிக்குறை அன்று. ஊவாவின் நீரையும் மண்ணையும் காக்கும் வழி. படித்தோர் இதனை எழுத்தில் முன்வைக்க வேண்டும்; உழவர் ஒருகுரலாய்க் கேட்க வேண்டும். சகாராவில் மழை நின்றபோது மக்கள் மந்தைகளை ஓட்டிக்கொண்டு வேறிடம் தேடினர். நமக்கோ, போக வேறிடம் இல்லை. இந்த மண்ணைக் காப்பதே நம் கடன்.