ஆராய்ச்சி மாநாடு கரைக்கு வரட்டும்!

(புத்தளம் கரையோர மக்கள் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் ஆராய்ச்சி மாநாடு கூட்டுகின்றன. பிரதேசங்களின் பிரச்சினைகளை அறிஞர்கள் ஆராய்ந்து அரசின் கொள்கைக்கு வழி கூறுகின்றனர். அதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும், எந்தப் பிரதேசத்தைப் பற்றிப் பேசுகின்றார்களோ, அந்தப் பிரதேசத்து மக்களுக்கு அச்சபையில் இடம் உண்டா? இதுவே நமது கேள்வி.

வடமேல் மாகாணம் குருநாகல், புத்தளம் என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. மாகாணத்தின் பெயர் தாங்கிய வயம்ப பல்கலைக்கழகம் 1999ஆம் ஆண்டு தோன்றியது. மீன்பிடியும் நீருயிர் வளர்ப்பும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. குளியாப்பிட்டி, மாக்கந்துரை ஆகிய அதன் இரு வளாகங்களும் குருநாகல் மாவட்டத்தில். மாகாணத்தின் கடற்கரையோ முழுவதும் புத்தளத்தில்!

இக்கரை கண்டது என்ன? இறால் பண்ணைகளுக்காகக் கண்டற்காடுகள் வெட்டப்பட்டன. 1990களில் நோய் பரவிற்று. பண்ணைகள் பல பாழ்பட்டன. வெட்டிய காடு ஓரிரவில் முளைத்துவிடுமா? 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பல்லாயிரவர் இங்கே தஞ்சம் புகுந்தனர். வந்தோரும் இருந்தோரும் நீரையும் நிலத்தையும் பள்ளியையும் பகிர்ந்துகொண்டனர். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் 2011இல் இயங்கத் தொடங்கி, 2014இல் 900 மெகாவாட் ஆற்றலை எட்டியது. நாட்டுக்கெல்லாம் ஒளி, நிலக்கரித் தூசியும் சாம்பலும் எவருக்கு? 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் கொழும்பின் குப்பையை அருவக்காட்டுக்கு அனுப்பும் திட்டம் விரைவுபடுத்தப்பட்டது. 2018இல் புத்தளம் மக்கள் வீதியில் இறங்கினர். முன்கூட்டியே கேட்டிருந்தால் வீதிக்கு வரவேண்டிய தேவை ஏது?

இவை ஒவ்வொன்றும் ஆராய்ச்சிக்குரிய பொருள். அறிஞர்கள் உழைக்கவில்லை என்று நாம் கூறவில்லை. ஆங்கிலத்தில் அச்சாகி நூலகத்தில் உறங்கும் ஆய்வு, களப்பில் வலை வீசுபவனுக்கு எவ்வாறு பயன்படும் என்றே கேட்கிறோம்.

ஆகவே நாம் கோருவன மூன்று. மாநாட்டின் ஓர் அமர்வு கற்பிட்டியிலோ உடப்பிலோ புத்தளம் நகரிலோ நடைபெறட்டும். ஆய்வுகளின் சுருக்கம் தமிழிலும் சிங்களத்திலும் வெளிவரட்டும். தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கூறுகின்றதன்றோ? மீனவரும் உப்பளத் தொழிலாளரும் அவ்வமர்வில் பேசட்டும். திட்டம் கையொப்பமாவதற்கு முன்னரே பேசட்டும்!

இது சலுகையன்று. பல்கலைக்கழகம் மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. நம்மைப் பற்றிய அறிவு நமக்கும் உரியது. அதனைக் கேட்டுப் பெறுவோம்!