வீதிப் பொலிஸாரின் புத்தகத்தில் நம்ம வார்த்தை
(தோட்டக் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வீதிப் பொலிஸ் என்றதும் நமக்கு என்ன நினைவு வருகிறது? வளைவிலே நின்று கையைக் காட்டி மறிப்பார், லைசென்ஸ் கேட்பார், தண்டம் எழுதுவார். அவரைத் தூரத்தில் கண்டதுமே சில வேன்காரர்கள், "எல்லாரும் குனிஞ்சுக்கோங்க" என்கிறார்கள். உள்ளே நெருக்கி உட்கார்ந்திருக்கிற ஆளுங்களும் குனிகிறாங்க. யாரை ஏமாற்றுகிறோம்? நம்ம உயிருக்காக மறிக்கிறவரைத்தானே!

அதிவேகப் பாதைகளுக்குத் தனிப் பொலிஸ் பிரிவு இருக்கிறது. நம்ம மலைப்பாதைகளை அந்தந்தப் பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவுதான் பார்க்கிறது. பாதையோ ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்தது. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லையில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி 7 பேர் மாண்டார்கள். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டியெல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள். இவை எல்லாம் நமக்குத் தெரிந்த பாதைகள்.

வீதிப் பொலிஸாருக்கு மூன்று வேலை உண்டு.

முதலாவது, விபத்து வருமுன் தடுப்பது. முச்சக்கர வண்டியில் டிரைவரைத் தவிர 3 பேர்தான் போகலாம். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் மதுசாரம் இருந்தால் வாகனம் ஓட்டுவது குற்றம். இதையெல்லாம் அவர்கள் பார்க்க வேண்டும். நாமும் பார்க்கலாம். டிரைவரின் வாயிலே சாராய வாடை அடித்தால் ஏறாதீங்க. பிள்ளைகளை நெருக்கி அடைக்கிற பாடசாலை வேனைப் பற்றிப் பெற்றோர் சேர்ந்து முறைப்பாடு செய்யுங்க. அதற்கு யாரும் கோபிக்க முடியாது.

இரண்டாவது, விபத்து நடந்த இடத்துக்கு வருவது. உடனே 119க்குப் பேசுங்க. காயப்பட்டவருக்கு 1990 எடுத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்தச் சேவை பிறகு மலையகத்துக்கும் வந்தது. எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த டிவிசன், பக்கத்தில் கோவிலா பாலமா என்று அடையாளத்தோடு சொல்லுங்க. மோதிய டிரைவர் வண்டியை நிறுத்த வேண்டும், உதவ வேண்டும், பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். இது மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது.

மூன்றாவதைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தோம். அது நடந்ததை எழுதி வைப்பது. காயப்பட்டவர் ஆஸ்பத்திரியில் கிடப்பார். வீட்டிலே அழுகையும் ஓட்டமுமாக இருக்கும். அந்த நேரத்தில் வாகனக்காரர் போய்த் தன் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு வருவார். "சமாதானமாகப் போவோம்" என்று கொஞ்சம் காசையும் கையில் வைப்பார். கால் போன மனுசனுக்கு அந்தக் காசு எத்தனை நாளைக்குக் காணும்? பின்னால் காப்புறுதியோ நட்டஈடோ கேட்டுப் போனால் முதலில் கேட்பது பொலிஸ் பதிவைத்தான்.

ஆகவே வீட்டில் ஒருவர் அன்றைக்கே நிலையத்துக்குப் போக வேண்டும். வாகன இலக்கம், நேரம், இடம், கண்டவர்களின் பெயர் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கலாம். 1987 இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. பொலிஸாரோடு தமிழில் பேசவும் எழுதவும் நமக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதினால், "வாசிச்சுத் தமிழில் விளக்குங்க சேர்" என்று மரியாதையாகக் கேளுங்க. விளங்காத தாளில் கையெழுத்தும் வேண்டாம், பெருவிரல் அடையாளமும் வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்து வாங்கிக்கொண்டு வாங்க.

நட்டஈட்டு வழக்கை 2 வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்காகவே ஏற்பட்டது அது.

பொலிஸைக் கண்டு பதுங்குகிற பழக்கத்தை விடுவோம். அவர்கள் செய்ய வேண்டிய வேலையைச் செய்யும்படி கேட்போம். கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைக் கவனமாகப் பார்க்கிறோமே, நம்ம பெயரில் எழுதுகிற பதிவையும் அப்படியே பார்க்கப் பழகுவோம்.