உச்சி வழுக்கையும் ஊர்த் தண்ணீரும்

இளைஞனின் உச்சியில் முடி மெலிந்தால், பாலக்காட்டுக் கிழக்கெல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையில் கிணற்று உவர்நீரைப் பழிப்பர். மூணாற்றிலோ மலையின் குளிர்நீரைப் பழிப்பர். தலை முழுவதும் நனைக்கும் நீர், பக்கங்களை விட்டு உச்சியை மட்டும் தேடிப் பிடிக்குமோ?

பரம்பரை இயல்பும் ஆண்மைச் சுரப்பும் கூடியே இவ்வழுக்கையை உண்டாக்குகின்றன என்பதை 1942இல் ஜேம்ஸ் ஹாமில்டன் விளக்கினார். மயிர்க்கால் உடனே அழிவதில்லை. சிறுகச் சிறுகச் சுருங்கிப் பூனைமயிரையே ஈனுகிறது. ஆகவே, தொடக்கத்திலேயே தோல் மருத்துவரை நாடுக. மினாக்சிடில் போன்ற மருந்துகள் பலருக்கு உதிர்வைத் தடுக்கும். நிறுத்தினால் பயன் நீங்கும். வட்டமாகவோ திடீரெனவோ உதிர்வது வேறு நோய், தாமதியாதீர்.

கூலிப் பணத்தை விளம்பர எண்ணெய்க்குக் கொட்டுவதும், வழுக்கைக்கு நாணித் திருமணத்தைத் தள்ளுவதும் வேண்டா. முடி குறைந்தால் மனிதன் குறைவதில்லை.