வன்மர இறக்குமதி: இந்தியாவும் சீனாவும்

(பெருநகரில் நடைபெற்ற நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உளியும் இழைப்புளியும் பிடித்த மரபில் வந்த நமக்கு, மரத்தின் விலை ஏறினால் அடுப்பின் புகை குறையும் என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பழைய வீட்டு நிலைக்கதவுகளைக் காட்டி, ‘பர்மாத் தேக்கு’ என்று பெருமை பேசுகின்றோம். அத்தேக்கு இரங்கூன், மோல்மேன் துறைகளில் கப்பலேறிச் சென்னைக்கு வந்ததன்றோ? ஆகவே அயல்நாட்டு மரம் நமக்குப் புதிதன்று.

நம் காலத்தில் வன்மரத்தை மிகுதியாகத் தருவித்த தேசங்களுள் சீனாவும் இந்தியாவும் முக்கியமானவை. இரண்டும் தம் காடுகளைக் காக்கும் பொருட்டே பிறநாட்டு மரத்தை நாடின. 1998-இல் யாங்சி நதி பெருக்கெடுத்துப் பெருநாசம் விளைத்தபின், சீன அரசாங்கம் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்திற்று. நம் நாட்டிலோ 1988-ஆம் வருஷத்து வனக்கொள்கையும், 1996 டிசம்பர் 12-இல் உச்சநீதிமன்றம் இட்ட கட்டளையும் அவ்வேலையைச் செய்தன.

காரணம் ஒன்றாயினும் பலன் வேறு. சீனர் தருவித்த மரத்தில் ஒரு பகுதியை நாற்காலியாகவும் கட்டிலாகவும் செய்து உலகெங்கும் விற்றனர். நாமோ பெரும்பாலும் நம் வீட்டுக் கதவிற்கும் சன்னலுக்குமே செலவிட்டோம். ஆதலின் இறக்குமதித் தொகையை மட்டும் நோக்கி, ‘அவர் செலவு மிகுதி, நம் செலவு குறைவு’ என்று மகிழ்வது பேதைமை.

இன்னொன்று கவனிக்கத்தக்கது. நூறு டாலர் பெறும் மரத்துண்டு ஒன்றிற்கு 1990-இல் சுமார் 1,750 ரூபாய் கொடுத்தோம். 2024 முடிவில் அதே நூறு டாலருக்குச் சுமார் 8,500 ரூபாய் வேண்டியதாயிற்று. சீனருக்கோ 2005 தொடக்கத்தில் 828 யுவான். 2014 தொடக்கத்தில் ஏறக்குறைய 605 யுவானே! மரம் மாறவில்லை, நாணயமே மாறிற்று. ஆகவே இரு நாட்டுத் தொகைகளை ஆண்டுதோறும் ஒப்பிடுவோர், எந்த நாணயத்தில், எத்தனை கன மீட்டருக்கு, முழுக்கட்டையா அறுத்த பலகையா என்ற மூன்றையும் கேட்டறிதல் வேண்டும்.

மரம் விற்கும் தேசங்களும் விழித்துக்கொண்டன. இந்தோனேசியா 1985-இலும், காபோன் 2010-இலும், பர்மா 2014 ஏப்ரலிலும் முழுக்கட்டை ஏற்றுமதியைத் தடுத்தன. அதன்பின் ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் தோட்டமிட்டு வளர்த்த தேக்கு நம் கடைகளில் பெருகிற்று. இளமரத்தில் வெளிறு மிகுதி, வைரம் குறைவு. அதையே ‘பர்மாத் தேக்கு’ என்று விற்பாருளர். இதனை அறியாது வாங்கித் தந்தால், கதவு வளையும் நாளில் பழி நம்மவர் கைக்கே வரும்.

அன்பர்களே! சீனரிடம் நாம் கற்கவேண்டுவது அவர் வாங்கிய மரத்தின் அளவையன்று. வாங்கிய மரத்தின்மேல் ஏற்றிய வேலைப்பாட்டின் மதிப்பையே. பலகைக்கு உரியவர் ஒருவர், கூலிக்கு இழைப்பவர் நாம் என்ற நிலை நீடிக்குமாயின், விலை ஏறினும் இறங்கினும் இலாபம் பிறர்க்கே. பலர் கூடி மரத்தை மொத்தமாக வாங்குவோம். செய்பொருளை நாமே விற்போம். வயல் வரப்பில் ஆளுக்கு நாலு தேக்கோ வேம்போ நடுவோம். அம்மரம் நம் பேரர் கைக்கு உதவும்.