இழப்பின்றிச் செப்பனிடுதல்

கணிப்பொறி பழுதுற்றதும் அதனைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்கிறோம். தில்லியாயினும் மும்பையாயினும் அவர் வாயிலிருந்து பெரும்பாலும் வரும் சொல் ‘ஃபார்மட்’ என்பதே. வட்டில் உள்ளவற்றைத் துடைத்துவிட்டு விண்டோஸ் என்னும் இயக்க முறைமையைப் புதிதாக நிறுவுவது அதன் பொருள். சில பழுதுகளுக்கு அது தேவைதான். ஆயினும், நான்கு ஓடுகள் உடைந்தமைக்காகக் கூரை முழுவதையும் பிரிப்பார் உளரோ?

தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு இதில் தனியானதொரு கவலையும் உண்டு. விண்டோஸ் 2000 என்ற பதிப்பில்தான் யூனிகோடு முறைத் தமிழுக்கு இடம் கிடைத்தது. அதற்கு முன்பும், அதன் பின் சில ஆண்டுகளும், நம்மவர் பலர் தனித்தனி எழுத்துருக்களைக் கொண்டே தமிழைத் தட்டெழுதி வந்தனர். அத்தகைய எழுத்துரு மறைந்தால், தந்தையார் எழுதிவைத்த குடும்ப வரலாறும் தமிழ்ச் சங்கத்தின் பழைய மலரும் பொருளற்ற குறிகளாகவே திரையில் தோன்றும். பழுதுபார்ப்பவர் நம் கோப்புகளைப் படியெடுத்துத் தரலாம். எழுத்துருவையும் விசைப்பலகை அமைப்பையும் படியெடுக்க வேண்டும் என்பது, தமிழறியாத அவருக்கு எங்ஙனம் தோன்றும்? ஆகவே செப்பனிடும் முறைகளை நாமே அறிந்திருத்தல் நலம்.

முதற்கண் மூன்று செயல்களை வேறுபடுத்தி அறிவோம். முற்றும் துடைத்துப் புதிதாக நிறுவுதல் ஒன்று. அதில் எதுவும் எஞ்சாது. ‘ரீசெட்’ என்பது மற்றொன்று. அதில் ‘என் கோப்புகளை வைத்துக்கொள்’ என்னும் வழியைத் தேர்ந்தாலும், நாம் நிறுவிய நிரல்கள் நீங்கிவிடும். அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பும். பலர் ஏமாறுவது இவ்விடத்தில்தான். மூன்றாவது, இருக்கும் விண்டோஸின் மேலேயே அதே விண்டோஸை மீண்டும் நிறுவுதல். கோப்பு, நிரல், அமைப்பு ஆகிய மூன்றும் பொதுவாக நிலைத்திருப்பது இம்முறையில் மட்டுமே.

அதற்கும் முன்னர் எளிய மருந்து ஒன்றுண்டு. விண்டோஸ் தன் முக்கியக் கோப்புகளின் நற்படிகளைத் தனியே சேமித்து வைத்திருக்கிறது. ‘எஸ்.எஃப்.சி.’ என்னும் கட்டளை, கெட்ட கோப்புக்கு மாற்றாக அச்சேமிப்பிலிருந்து நற்படியை எடுத்து வைக்கும். சேமிப்பே கெட்டிருந்தால்? குதிரில் உள்ள விதைநெல்லே உளுத்துப்போனால் வயலில் எதை விதைப்பது? ஆதலின் ‘டிஸ்ம்’ என்னும் கட்டளையால் முதலில் அச்சேமிப்பைச் சீராக்கி, அதன்பின் எஸ்.எஃப்.சி.யை இயக்குதல் முறை. பல கோளாறுகள் இவ்வளவிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிடில் மேல்நிறுவலை மேற்கொள்வோம். தொடங்குமுன் ஆவணங்களையும் எழுத்துருக்களையும் வெளி வட்டு ஒன்றில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். வட்டே நலிவுற்றிருந்தால், அதாவது விந்தையான ஒலி எழுந்தாலோ கோப்புகள் அடிக்கடி சிதைந்தாலோ, படியெடுத்தலோடு நிறுத்திவிட்டு வட்டை மாற்றுவதே அறிவுடைமை. ‘பிட்லாக்கர்’ பூட்டு இடப்பட்ட கணிப்பொறியாயின், அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது இன்றியமையாதது.

பிறகு, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் தளத்தில் விலையின்றி வழங்கும் நிறுவல் கோப்பைப் பெறுகிறோம். அது நம்மிடம் உள்ள விண்டோஸின் மொழியோடும் வகையோடும் பொருந்த வேண்டும். பதிப்பால் அதற்குப் பழையதாக இருத்தல் ஆகாது. வட்டில் ஏறக்குறைய 20 ஜிகாபைட் இடம் ஒழிந்திருப்பது நன்று. இங்கு மறவாமல் கொள்ள வேண்டிய விதி ஒன்றுண்டு. விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, அதனுள்ளிருந்தே, ‘செட்டப்’ நிரலைத் தொடங்க வேண்டும். விரலியிலிருந்து கணிப்பொறியைத் தொடங்கினால், நிரல்களைக் காக்கும் வழி அங்கே கிடைக்காது.

இறுதிக் கட்டத்தில் திரை மூன்று வழிகளைக் காட்டும். கோப்புகளையும் நிரல்களையும் வைத்துக்கொள்வது முதல் வழி. கோப்புகளை மட்டும் வைத்துக்கொள்வது இரண்டாவது. ஒன்றையும் வைத்துக்கொள்ளாமை மூன்றாவது. முதல் வழியையே தேர்தல் வேண்டும. அது தேர முடியாதவாறு மங்கிக் கிடந்தால், மொழியோ வகையோ பதிப்போ பொருந்தவில்லை என்று கொள்ளலாம். மேற்செல்லாது அங்கேயே நிறுத்திவிட்டு, பொருந்தும் கோப்பைத் தேடுக. அவசரத்தில் இரண்டாவதை அழுத்தியோர் நிரல்களை இழப்பர்.

விண்டோஸ் 11 உடையோருக்கு இவ்வேலை இன்னும் எளிது. அதன் அண்மைப் பதிப்புகளில், அமைப்புகள் பகுதியில் ‘ரெகவரி’ என்னும் தலைப்பின்கீழ், இதே மறுநிறுவலைச் செய்யும் பொத்தான் உண்டு. நிறுவல் கோப்பைத் தனியே தேட வேண்டுவதில்லை.

வேலை முடிந்தபின் பழைய விண்டோஸ், ‘விண்டோஸ் ஓல்டு’ என்ற உறையில் வழக்கமாகப் பத்து நாட்கள் இருக்கும். ஆதலின் உடனே அதனை அழிக்காது, அந்நாட்களுக்குள் நிரல்கள் யாவும் முறையாக இயங்குகின்றனவா, பழைய தமிழ்க் கோப்புகள் திறந்து படிக்க வருகின்றனவா என்று பார்த்துக்கொள்வோம். ஒன்றிரண்டு சிறு அமைப்புகளைத் திரும்பச் செய்யவும், அண்மைத் திருத்தங்களை மீண்டும் இறக்கிக்கொள்ளவும் நேரலாம்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. விண்டோஸ் தொடங்கவே மறுக்கும் கணிப்பொறியில் இதனை மேற்கொள்ள இயலாது. முன்பு பதிவான மீட்பு நிலைக்குத் திரும்புதல் போன்ற வேறு வழிகளை அங்கு நாட வேண்டும். விண்டோஸ் 10க்கு வழங்கிவந்த பொது ஆதரவு 14-10-2025 அன்று முடிவுற்றது; மேல்நிறுவலால் அக்குறை நீங்காது.

நேயர்களே, கணிப்பொறியைப் பிறரிடம் ஒப்படைக்கும் நிலை வந்தாலும், “ஃபார்மட் வேண்டா; கோப்பும் நிரலும் இருக்க மேல்நிறுவல் செய்து பாருங்கள்” என்று அவர் அறிந்த மொழியில் முதலிலேயே சொல்லிவிடுவோம். எழுத்துருக்களின் படியை மட்டும், எவரிடமும் விடாது, இன்றிரவே நாமே எடுத்து வைப்போம்.