போரில் படையும் துயர்துடைப்பும்

அந்தமானின் ஹேடோவில் இன்று பட்டம் பெறும் மாணவர்களுள் சிலர் படையிலும், சிலர் நிர்வாகத்திலும், சிலர் துயர்துடைப்பு அமைப்புகளிலும் சேரக்கூடும் என்பதால், போர்க்காலத்தில் இத்துறைகளுக்கிடையே எழும் பிணக்கை அவர்கள் இப்போதே அறிந்திருத்தல் நலம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், வெளிநாட்டு அமைப்புகள் நிக்கோபார் செல்ல எளிதில் அனுமதி கிடைக்கவில்லை என்ற மனக்குறை இருந்ததேயன்றி, அப்பிணக்கு இத்தீவுகளில் முற்றவில்லை. கப்பலும் விமானமும் வைத்திருந்த படையே மீட்புப் பணியில் முன்னின்றது, எதிரி என்று எவரும் இல்லை. எதிரி உள்ள நிலத்திலோ படை வண்டியில் வரும் அரிசி மூட்டையும் ஒரு தரப்பின் அரிசியாகிவிடுகிறது. ஆதலால்தான் துயர்துடைப்பு அமைப்புகள் நடுநிலையை, அதாவது எத்தரப்பின் வெற்றிக்கும் துணைபோகாமல் மக்களின் தேவையை மட்டுமே நோக்கும் நெறியை, உறுதியாகப் பற்றுகின்றன. ஆயினும் சோதனைச் சாவடியைத் திறந்துவிட வேண்டியது படையே.

இந்நடுநிலை நெறி இலங்கையின் வன்னியில் பட்ட பாடு தமிழர் எவரும் மறக்கத்தகாதது. 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உறுதியளிக்க இயலாது என்று கூறி இலங்கை அரசு துயர்துடைப்பு அமைப்புகளை வெளியேறப் பணித்தபோது, போகவேண்டாம் என்று மக்கள் கூடி மன்றாடியும், ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டு நீங்கினர். அதன்பின் விடுதலைப் புலிகள் மக்களை வெளியேறவிடாமல் தடுத்தனர்; அரசுப் படையின் எறிகணைகள் மருத்துவமனைகள் மீதும் விழுந்தன; பார்த்துச் சொல்ல வெளியார் அங்கு அரிதாயினர். ஐ.நா. தன் கடமையில் தவறியது என்பதை 2012இல் அதன் உள்ளக ஆய்வறிக்கையே ஒப்புக்கொண்டது. செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழுவோ விலகாது நின்று, இரு தரப்பிடமும் பேசி இசைவு பெற்று, 2009 பிப்ரவரி முதல் மே வரை காயமுற்றோரும் உடன்வந்தோருமாக ஏறத்தாழ 14,000 பேரைக் கடல்வழியே மீட்டது. ஆணைக்கு அத்தனை எளிதில் பணிந்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு அக்கப்பல் பயணங்களே சான்று.

எனினும் வெளியேறியவர்களின் அச்சம் வீணானதன்று. 2006 ஆகஸ்டில் படையினரும் புலிகளும் மூதூருக்காகப் போரிட்ட நாள்களில், பட்டினி ஒழிப்புக்காக உழைக்கும் பிரெஞ்சு அமைப்பொன்றின் உள்ளூர் ஊழியர் 17 பேர் தம் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அரசுப் படையினரைப் பொறுப்பாக்கியது, அரசு மறுத்தது. அக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.