இலவசமாகப் பேசுங்கள், உழைப்புக்கு விலை கேளுங்கள்!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஊருக்கு ஊர் கால்பந்துப் போட்டி நடக்கிறது. கோப்பைக்கும் பனியனுக்கும் நம் வணிகர்கள் தாராளமாகவே கொடுக்கிறார்கள். ஆனால், 18 வயதில் மைதானத்தைக் கலக்கிய பையன் 25 வயதில் என்ன செய்கிறான்? பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு விசாவுக்குக் காத்திருக்கிறான். அவன் கற்ற வித்தை அவனோடு முடிந்து போகிறது. இது எத்தனை பெரிய நஷ்டம் என்று என்றாவது கணக்குப் பார்த்திருக்கிறோமா?

‘விளையாட்டு சோறு போடுமா?’ என்று கேட்பீர்கள். பயிற்சியாளனுக்குப் போடும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவருக்கு வாரம் ஒரு மணி நேரம் என்றால் 40 பேரோடு அவன் வாரம் முடிந்து விடும். 41-வது ஆளுக்கு நேரம் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அவன் திறமைசாலி என்பது பக்கத்து ஊருக்கே தெரியாது!

இந்த இடத்தில்தான் பாட்காஸ்ட் கைகொடுக்கிறது. விரும்பிய நேரத்தில் செல்போனில் கேட்கும் வானொலி என்று அதைச் சொல்லலாம். 2004-ல் இந்தப் பெயர் பிறந்தது. 2005-ல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸில் இதற்கு இடம் கொடுத்தது. இன்று நல்ல மைக் ஒன்றும், சத்தமில்லாத அறை ஒன்றும் இருந்தால் யாரும் தொடங்கிவிடலாம்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் டேவிட் ரோச், மேகன் ரோச் என்ற தம்பதியர் இருக்கிறார்கள். மேகன் மருத்துவம் படித்தவர். மலைப்பாதைகளில் நெடுந்தூரம் ஓடுபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது இருவருக்கும் தொழில். 2020-ல் ‘சம் வொர்க், ஆல் பிளே’ என்ற பாட்காஸ்டைத் தொடங்கினார்கள். எப்படி ஓடுவது, எப்போது ஓய்வெடுப்பது, ஓடும்போது என்ன உண்பது என்று தமக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் பேசுகிறார்கள். கேட்பதற்குக் காசு இல்லை. விரும்பிய நேயர்கள் சந்தா கட்டி ஆதரிக்கிறார்கள்.

‘எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் நம்மிடம் யார் வருவார்?’ என்று வியாபாரி கேட்பார். யோசித்துப் பாருங்கள்! பிரியாணி செய்முறை எல்லோருக்கும் தெரியும். அதற்காகப் பண்டாரியை அழைக்காமல் விடுகிறோமா? செய்தி பொதுவானது. ‘உன் முழங்காலுக்கு இந்த வாரம் இவ்வளவு ஓட்டம் போதும்’ என்று ஆளைப் பார்த்துச் சொல்கிற அக்கறைக்குத்தான் விலை. பேச்சு நம்பிக்கையை வளர்க்கிறது. பயிற்சி வருமானத்தைத் தருகிறது.

சொன்னதைச் செய்தும் காட்ட வேண்டும். 2024 ஆகஸ்டில் லெட்வில் 100 மைல் ஓட்டத்தில் டேவிட் கலந்துகொண்டார். அந்தத் தூரம் அவருக்கு அதுவே முதல் முறை. 15 மணி 26 நிமிடத்தில் ஓடி முடித்து, 2005 முதல் நிலைத்திருந்த சாதனையை முறியடித்தார். அவரே 2025-ல் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தை முடிக்க முடியாமல் விலகினார். ஊரறியப் பேசுகிறவனுக்குத் தோல்வியை மறைக்க வழியில்லை!

இளைஞர்களே! எல்லா விளையாட்டையும் பேசாதீர்கள். உங்களுக்குக் கைவந்த ஒன்றை மட்டும் பேசுங்கள். மாணவர் கேட்கும் கேள்விதான் உங்கள் அடுத்த நிகழ்ச்சி. வாரம் ஒருமுறை என்றால் அந்த நாளைத் தவற விடாதீர்கள். முதல் மாதமே காசு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிறுவர்களின் குரலைப் பெற்றோர் அனுமதியின்றி ஒலிபரப்பாதீர்கள். காயம் என்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். நீங்களே மருத்துவராகி விடாதீர்கள்.

நேயர் பெருகியதும் விளம்பரம் தேடி வரும். சத்து மாவு, சதை வளர்க்கும் பவுடர் என்று பணத்தோடு வருவார்கள். தன் பிள்ளைக்குக் கொடுக்கத் துணியாததை ஊரார் பிள்ளைக்குப் பரிந்துரைக்கலாமா? கேட்பவர் தரும் நம்பிக்கை ஓர் அமானிதம். அதை ஒருமுறை விற்றுவிட்டால் எந்த விலை கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது.

வணிகப் பெருமக்களே! கோப்பை கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு உங்கள் ஊரில் வித்தை தெரிந்த ஓர் இளைஞனோடு கூட்டுச் சேருங்கள். முதல் உங்களுடையது, உழைப்பு அவனுடையது. லாபத்தில் யாருக்கு எவ்வளவு என்பதைத் தொடங்கும் நாளிலேயே எழுதி வையுங்கள். கோப்பை அலமாரியில் நிற்கும். தொழில் ஒரு குடும்பத்தை நிறுத்தும்.

அடுத்த போட்டிக்கு நன்கொடை கேட்டு இளைஞர்கள் உங்கள் கடைப் படி ஏறும்போது, ‘எவ்வளவு வேண்டும்?’ என்பதோடு, ‘உனக்கு என்ன தெரியும்?’ என்றும் கேளுங்கள்!